நிறைமாதமும் அளவு நாடாவும்

1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் அதுதான் என்று வரலாறு சொல்கிறது. பிறகு புக்கிட் அசஹான், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று தோட்டங்கள் பெருக, தமிழ்ப் பெண்களும் லயங்களில் குடியேறினார்கள். தோட்ட வரலாற்றில் கங்காணிக்கு இடம் உண்டு, கிராணிக்கு இடம் உண்டு, ரப்பர் விலைக்கும் உண்டு. நிறைமாதத்தில் பால் வாளி சுமந்த பெண்ணுக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைப்பதே அரிது.

அந்தப் பெண்ணின் வயிறு நாளுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் என்ன செய்தார்கள்? மருத்துவச்சி கை வைத்துப் பார்ப்பார். தொப்புள் வரை ஏறினால் ஐந்து மாதம், நெஞ்சுக்குழியைத் தொட்டால் ஒன்பது. நாள்காட்டியில் குறித்து வைக்கும் பழக்கம் இல்லை. தீபாவளிக்கு முன்னா, தைப்பூசத்துக்குப் பின்னா என்று திருவிழாவை வைத்துத்தான் கணக்கு. அதில் ஒரு மாதம் தவறினாலே வயிறு 'பெரிய வயிறு' ஆகிவிடும். உடனே ரெட்டைப் பிள்ளை என்பார் ஒருவர், பெண் பிள்ளை என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாத வைத்தியமா!

பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் கடினம் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்தில் கடைசி மாதங்களில் சோற்றைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் தென்னிந்தியாவிலேயே இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிவிடும் என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. கொக்கிப் புழுவும் மலேரியாவும் ஏற்கெனவே இரத்தத்தைக் குடித்திருந்த தோட்டத்துப் பெண்ணுக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அன்று பெரும்பாலும் உயிரைப் பறித்தது பெரிய பிள்ளை அல்ல, வற்றிய இரத்தம்.

1906இல் அமெரிக்க மருத்துவர் எல்லிஸ் மெக்டொனால்ட், தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு நாடாவால் வயிற்றை அளந்து மாதம் கணிக்கும் முறையை எழுதினார். இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறத்தாழ அத்தனை வாரம். 24 முதல் 36 வாரம் வரை இது ஓரளவு பொருந்தும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடினால் காரணம் தேட வேண்டும். நாள் கணக்குத் தவறா, இரட்டையா, பனிக்குட நீர் அதிகமா, கட்டியா, தாயின் உடல் பருமனா, சர்க்கரையா? நாடா கேள்வி எழுப்புமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

அந்த மலிவான நாடாவுக்கும் ஆள் வேண்டுமே! 1950களில் தொடங்கிய அரசாங்கக் கிராமச் சுகாதாரச் சேவை, சுதந்திரத்துக்குப் பின் கம்போங்குகளுக்கு மருத்துவச்சி நிலையங்களைக் கொண்டு வந்தது. தோட்டமோ தனியார் நிலம். அது நிர்வாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டது. தோட்டத்து டிரஸரின் திறமையே பல பெண்களுக்கு விதியாக அமைந்தது. நல்ல டிரஸர் கிடைத்த தோட்டம் பிழைத்தது.

சர்க்கரையின் பங்கு வெளிச்சத்துக்கு வந்தது 1952இல். டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் தந்த விளக்கம் எளிமையானது: தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகிறது, தாயின் இன்சுலின் போவதில்லை. ஆகவே பிள்ளை தானே இன்சுலினைச் சுரந்து கொழுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தலை வெளிவந்த பிறகும் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிறந்தவுடன் அதன் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவதும் உண்டு. 1964இல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மாஹனும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு அளவுகோல் வகுத்தார்கள்.

பணக்காரர் வியாதி என்று நினைத்த ஒன்று லயத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களையும் பிடித்துக்கொண்டது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. தமிழ்நாடு இதை முன்பே உணர்ந்தது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் விடாமுயற்சியால் 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை அங்கே கட்டாயமானது. மலேசிய வழிகாட்டியின்படி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையில் வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8 என்பவை எல்லைக்கோடுகள். இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் சர்க்கரைதான். முந்தைய பிள்ளை 4 கிலோவைத் தாண்டியிருந்தால் மிஸியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கேன் சொல்லும் எடையும் வேதவாக்கு அல்ல. பத்துப் பதினைந்து விழுக்காடு கூடலாம், குறையலாம். நான்கு கிலோ என்று பயந்து போனவருக்கு மூன்றரைக் கிலோ பிறப்பதுண்டு.

சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, நடந்து, தேவைப்பட்டால் மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் அதே குளுக்கோஸ் தண்ணீரை மறுபடியும் குடித்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பிள்ளை அழும், பத்தியம் நடக்கும், வீட்டில் உதவிக்கு ஆள் இருக்காது. கிளினிக் அட்டையில் குறித்த அந்தத் தேதி அப்படியே கடந்து போய்விடுகிறது.