சின்னமுத்து வராத பிள்ளைகள்

எங்கட அப்பம்மா சின்னமுத்தைப் பெரிய வருத்தமாக எண்ணியதே இல்லை. "அது வராத பிள்ளை எங்க இருக்கு?" என்பார். வாசலில் வேப்பிலை செருகி, பிள்ளையை அறைக்குள் படுக்கவைத்தால் சரி. சில வருசத்துக்கு ஒருமுறை வரும். இடையில் பிறந்தவர்களைத் தொட்டுவிட்டுப் போகும்.

2013இல் எனக்கு 28 வயது. உடம்பெல்லாம் சிவந்து கிடந்த என்னைப் பார்த்து, "இந்த வயசிலயா?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த நோயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1846இல் டென்மார்க் அரசு பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவரைப் பரோயே தீவுகளுக்கு அனுப்பியது. 65 வருசமாகச் சின்னமுத்தே இல்லாத இடம். வெளியிலிருந்து நோய் வந்து சேர்ந்ததும், சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். 1781இல் நோய் கண்டு பிழைத்த முதியவர்களுக்கு மட்டும் அது திரும்பவில்லை. நோய் நீண்ட காலம் விலகியிருந்தால், வரும்போது வயது பார்க்காது.

இலங்கைக்குத் தடுப்பூசி வந்தது 1984இல். ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஊசி. அந்த வயதில் போட்டால் நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேருக்கு அது வேலை செய்யாது. முன்பென்றால் அவர்களை நோயே தேடிப் பிடித்திருக்கும். இப்போது நோயும் குறைந்துவிட்டதே! ஊசியும் காக்காமல், நோயும் தீண்டாமல் அவர்கள் வளர்ந்தார்கள்; வருசாவருசம் சேர்ந்துகொண்டே போனார்கள். நானும் அப்படிச் சேர்ந்த ஒருத்திதான் போல.

1999-2000இல் நோய் பெரிதாய்ப் பரவியது. 2001இல் இரண்டாவது ஊசி வந்தது. பிறகு நீண்ட அமைதி. 2013இல் மறுபடி வந்தபோது படுத்தவர்களில் பலர் என்னைப்போல் வளர்ந்தவர்கள், அல்லது ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். முதல் ஊசி 2011இல் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. ஊசி போட்டு வளர்ந்த தாய்மார் பிள்ளைக்குக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தியும், நோய் கண்ட தாய்மார் கொடுப்பதைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

2019இல் இலங்கை சின்னமுத்தை நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உள்ளூரில் தொடர்ந்து பரவவில்லை என்பதுதான் அதன் பொருள். இனி வராது என்பதல்ல. 2023இல் வந்தது.

என் மகளுக்கு இப்போது ஏழு மாதம். ஊசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை அவளுக்குக் காவல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். அப்பம்மா இருந்திருந்தால், "சின்னமுத்துக்கா இவ்வளவு பயம்?" என்று கேட்டிருப்பார். "அது எல்லாருக்கும் வராததாலதான் அப்பம்மா" என்று சொல்லியிருப்பேன்.