ஓட்டில் விழுந்த ஓட்டு

நடுவர் அவர்களே! 'ஊரைக் காப்பது கண்டிப்பே' என்று வாதாடிய எதிரணி நண்பர், "ஒத்துவராதவனை ஊரை விட்டே தள்ளி வைக்கணும்" என்று முழங்கிவிட்டுப் போனார். ஐயா, அப்படித் தள்ளி வைத்த ஓர் ஊரின் கதையை ஒரே ஒரு சொல்லை வைத்துச் சொல்கிறேன்.

'ஓடு' என்கிறோம். ஆமைக்கு ஓடு, நத்தைக்கு ஓடு, நண்டுக்கு ஓடு. கூரை மேலே வேய்வதும் ஓடு. பானை உடைந்தால் அந்தச் சில்லும் ஓடு. வேடிக்கை என்னன்னா, கிரேக்கனும் இப்படியே பேசியிருக்கிறான்! அவன் மொழியில் 'ஆஸ்ட்ரகான்' என்றால் பிராணிகளின் ஓடு. உடைந்த பானை ஓடும் அதுதான். எலும்புக்கு 'ஆஸ்டியான்', சிப்பிக்கு 'ஆஸ்ட்ரியான்'. எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். உள்ளே இருக்கும் உயிரைத் தாங்குகிற கெட்டிப் பொருள்கள்.

அந்த ஓட்டை ஏதென்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஊருக்கு ஆகாதவர் என்று நினைத்தவர் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போட்டார்கள். 6000 பேர் கூட வேண்டும். அதிக ஓடு யாருக்கோ, அவர் 10 வருஷம் ஊருக்குள் வரக்கூடாது. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஓட்டிலேயே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்! (சிரிப்பு) ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரசிசம்' என்ற சொல் வந்தது இப்படித்தான்.

அரிஸ்டைடிஸ் என்றொருவர். நேர்மையாளர் என்று பெயரெடுத்தவர். எழுதத் தெரியாத ஒருவன், ஆள் தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, அரிஸ்டைடிஸ் பெயரை எழுதச் சொன்னானாம். ஏனப்பா என்றால், 'நேர்மையாளர், நேர்மையாளர்' என்று கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சாம்! அவரும் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறார் புளூடார்க். கி.மு. 482இல் ஊரை விட்டுப் போனார். இரண்டே வருஷத்தில் பாரசீகப் படை வாசலுக்கு வந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். வந்து சலாமிஸ் போரில் தோள் கொடுத்தார்.

இன்னொன்று கேளுங்கள். 1937இல் அக்ரோபோலிஸ் குன்றடியில் ஒரு பழைய கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால், எழுதியவர்கள் 14 பேர்தான்! சிலர் உட்கார்ந்து எழுதி அடுக்கிவிட்டு, ஊரே சொல்லுது என்று காட்டப் பார்த்திருக்கிறார்கள். 'ஊர் தள்ளி வைத்தது' என்று சொல்லும்போதெல்லாம், எழுதிய கை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் நண்பரே!

ஆமையின் ஓடு சட்டை மாதிரிக் கழற்றுவதல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து வளர்ந்ததே அந்த ஓடு. ஊருக்கு ஓடு ஊர் மனுஷன்தான். அவனைப் பெயர்த்து எறிந்தால் மிஞ்சுவது வெறும் சதை. ஆகவே ஊரைக் காப்பது அரவணைப்பே என்று கூறி அமர்கிறேன்.