அணுவின் எண்ணும் அதன் வரலாறும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, பாண்டிய மன்னரைப் பற்றியோ தென்காசிக் கோபுரத்தைப் பற்றியோ எழுதுவோம் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் வரலாறு மன்னர்களுக்கு மட்டும் உரியதன்று. "கணக்கும் அறிவியலும் நமக்கு வாரா" என்று நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒதுங்கிக்கொள்வதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகின்றோம். தனிம வரிசை அட்டவணையைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவனை நிறுத்தி, "அதிலுள்ள எண் எதைக் குறிக்கிறது?" என்று வினவினால் தலை குனிகின்றான். அவனுக்கு மனப்பாடத்தைக் கொடுத்தோம், திறவுகோலைக் கொடுக்கவில்லை. அத்திறவுகோல் உருவான வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

விளக்கும் மணலும்

நம் பெரியோர் நன்கு அறிந்த பொருள் பெட்ரோமாக்ஸ் விளக்கு. திருமண ஊர்வலங்களில் அதனைத் தலையில் சுமந்து நடந்தவர் கூலி உழைப்பாளர். ஒளி ஊர்வலத்திற்கு, சூடு சுமந்தவர்க்கு! அவ்வகை விளக்குகளில் வெண்மையாய் ஒளிர்ந்த மேண்டில் என்னும் வலைப்பையின் கலவையை ஆஸ்திரிய வேதியியலர் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891இல் செம்மை செய்தார். தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்பதே அக்கலவை.

அந்தத் தோரியம் நம் தென்கோடிக் கடற்கரையில் கிடந்தது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சி மணல் இவ்வாறே உலகப் புகழ் பெற்றது. அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. நம் செங்கோட்டையும் அவ்வாறே. 1956 நவம்பர் 1 அன்றே இரு பகுதிகளும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆகவே இது நமக்கு அயலார் கதை அன்று.

எடை தந்த குழப்பம்

1869இல் உருசிய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடையின் வரிசையில் அடுக்கினார். பண்புகள் பொருந்தாத இடங்களை வெற்றிடமாக விட்டு, அங்கு வரவேண்டிய தனிமங்கள் பின்னர்க் கிடைக்கும் என்றார். காலியம் 1875இலும், ஸ்காண்டியம் 1879இலும், ஜெர்மானியம் 1886இலும் கிடைத்து அவர் கூற்றை மெய்ப்பித்தன.

எனினும் ஒரு முரண் எஞ்சியது. டெல்லூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி அயோடினே முந்த வேண்டும். பண்புப்படியோ டெல்லூரியமே முந்த வேண்டும். 1913இல் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து இம்முடிச்சை அவிழ்த்தார். வரிசையைத் தீர்மானிப்பது எடை அன்று. அணுக்கருவின் மின்னூட்டமே என்று காட்டினார். அதுவே அணு எண். அவ்விளைஞர் 1915இல் கல்லிப்போலிப் போரில் தம் 27ஆம் வயதில் மாண்டார்.

கணக்கிடும் முறை

எலக்ட்ரானைத் தாம்சன் 1897இலும், நியூட்ரானைச் சாட்விக் 1932இலும் கண்டறிந்தபின் கணக்கு எளிதாயிற்று. அணு எண்ணே புரோட்டான்களின் எண்ணிக்கை. மின்னூட்டமற்ற அணுவில் எலக்ட்ரான்களும் அத்தனையே. நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்கள் கிடைக்கும். மணவாளக்குறிச்சித் தோரியத்தின் அணு எண் 90; நிறை எண் 232. எனவே புரோட்டான் 90, எலக்ட்ரான் 90, நியூட்ரான் 142.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அட்டவணையில் உள்ள அணு எடை ஒரு சராசரியே. குளோரினின் எடை 35.45 என்பதால் எந்தக் குளோரின் அணுவும் 35.45 நிறை உடையதன்று. நிறை எண் 35 உடைய அணுவில் 18 நியூட்ரான்களும், 37 உடையதில் 20 நியூட்ரான்களும் உள. புரோட்டான் இரண்டிலும் 17 தான். இவற்றை ஐசோடோப்புகள் என்பர். 1914இல் சாடி என்னும் அறிஞர் இலங்கையிலிருந்து பெற்ற தோரைட் கனிமத்தின் ஈயத்தை ஆராய்ந்து, அது சாதாரண ஈயத்தினும் கனமானது என்று காட்டினார். தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயத்தின் நிறை எண் 208. யுரேனியம் சிதைந்து உண்டாவது 206. அணு எண்ணோ இரண்டிற்கும் 82. நியூட்ரான்கள் முறையே 126, 124. எடை வேறாயினும் இனம் ஒன்றே!

சாகா காட்டிய வழி

எலக்ட்ரான்கள் சில நீங்கிய அணுக்களும் உண்டு. கதிரவனின் வெப்பத்தில் அணுக்கள் எவ்வளவு இவ்வாறு அயனியாகும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் உலகுக்கு அளித்தவர் மேகநாத சாகா. கால்சியத்தின் அணு எண் 20. ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சிய அயனியில் புரோட்டான் 20, எலக்ட்ரான் 19.

1893இல் டாக்காவை அடுத்த சிற்றூரில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார் அவர். மேல்சாதியார் தாழ்வாக நோக்கிய வகுப்பினர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, விடுதி உணவுக்கூடத்தில் உடன் உண்ண மேல்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். தனியே உண்ட அம்மாணவரே விண்மீன்களின் ஒளியைப் படிக்க உலகுக்குக் கற்பித்தார். 1952இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்கும் சென்றார். அவரை ஒதுக்கி வைத்தோர் பெயர்களை இன்று யார் அறிவார்?

இளைஞர்களே! குற்றாலத்து அருவி நீரை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். நீர் மூலக்கூறு ஒன்றில் ஐதரசன் இரண்டு, ஆக்சிசன் ஒன்று. புரோட்டான் 10, எலக்ட்ரான் 10. பெரும்பான்மை மூலக்கூறுகளில் நியூட்ரான் 8. நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட பொதுக்கிணற்று நீரிலும் இதே 10, 10, 8 தான் இருந்தன. 1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகிய நீரும் இதுவே. தீட்டு என்று ஒரு துகள் எந்த அணுவிலும் இல்லை. அட்டவணையின் எண்கள் இடத்தைக் காட்டுகின்றன. உயர்வு தாழ்வைக் காட்டவில்லை.

இதனைப் பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டா. தாமே கணக்கிட்டு அறியும் வலிமையே கல்வி. ஆண்டுதோறும் நம் சங்கத்து மாணவர் சிலரேனும் அறிவியல் பிரிவை அச்சமின்றி எடுத்துப் படிப்பாராயின், இவ்வெள்ளி விழா பொருளுடையதாகும். அதற்கு அட்டவணையின் ஒரு கட்டத்தை இன்றிரவே வீட்டில் அமர்ந்து கணக்கிட்டுத் தொடங்குவோமாக.