சொல்ல முடியாத வலியும் செவிலியரின் அதிகாரமும்

முதியோருக்கான நோய் ஆதரவு சிகிச்சையில் வலியை மதிப்பிடுவது என்றால், பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதையே பெரும்பாலும் குறிக்கும். மறதிநோய் முற்றியவரிடமிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் வராது. பதில் வராதபோது என்ன நடக்கிறது என்பதற்கு மாரிசனும் சியூவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சான்று. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்த முதியோரை அவர்கள் ஒப்பிட்டார்கள். நினைவு தெளிவாக இருந்தவர்கள் பெற்ற மார்ஃபின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மறதிநோய் முற்றியவர்களுக்குக் கிடைத்திருந்தது. எலும்பு முறிவு இரு சாராருக்கும் ஒன்றுதான். கேட்டுப் பெறும் வாய் மட்டும் ஒரு சாராருக்கு இல்லை. இத்தகைய முதியோரிடம் செவிலியரின் கண்காணிப்பைச் சிகிச்சைக்கு முந்தைய ஆயத்தமாகக் கருதுவது தவறு. சிகிச்சை தொடங்குமா என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே கண்டதன்மீது செயல்படும் அதிகாரமும் அந்தச் செவிலியருக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கண்காணிப்பு என்று நான் சொல்வது பொதுவான கவனிப்பை அல்ல. 2003இல் வெளியான பெய்னாட் அளவுகோல் மூச்சு, முனகல், முகக்குறி, உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் தருகிறது. இதை எப்போது பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். அசையாமல் படுத்திருக்கும் முதியவரிடம் மூட்டு வலியோ படுக்கைப்புண் வலியோ வெளித்தெரியாமல் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும்தான் முகம் சுருங்கும், கை தடுக்கும். அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் செவிலியர். மருத்துவர் வரும் நேரத்தில் நோயாளி பெரும்பாலும் அசையாமல் கிடப்பார். நவீன நோய் ஆதரவு சிகிச்சைக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், மருத்துவராகும் முன்பு செவிலியராகப் பயின்றவர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

கண்டதன்மீது செயல்பட்டால் பலன் உண்டா? நார்வேயின் 18 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 352 பேரைக் கொண்டு ஹுசெபோ குழுவினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான விடை தருகிறது. மறதிநோயுடன் கிளர்ச்சியான நடத்தையும் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் படிப்படியாக வலி மருந்து கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களோடு ஒப்பிடும்போது அவர்களின் கிளர்ச்சி சராசரியாக 17 விழுக்காடு குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் கிளர்ச்சி மீண்டும் ஏறியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால் என்பதுதான் என்னை அதிகம் பாதிக்கும் செய்தி. ‘அடம் பிடிக்கிறார்’, ‘தொந்தரவு செய்கிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டவர்களில் எத்தனையோ பேர் வலியைத்தான் தெரிவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பெய்னாட் அளவுகோல் வலியை மட்டுமே காட்டுவதில்லை என்பது நியாயமான மறுப்பு. பயம், தாகம், நிரம்பிய சிறுநீர்ப்பை, பல நாள் மலச்சிக்கல் ஆகியவையும் அதே முனகலைத் தரும். ஆனால் இது அளவுகோலைக் கைவிடச் சொல்லும் காரணமல்ல. ஓர் ஒழுங்கைப் பின்பற்றச் சொல்லும் காரணம். முதலில் வயிறு, சிறுநீர்ப்பை, படுத்திருக்கும் நிலை, பிறகு பாராசிட்டமால், பிறகு அதே அளவுகோலால் மறுமதிப்பீடு. மதிப்பெண் இறங்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். இன்று இதற்கு மாற்றாக நடப்பது பெரும்பாலும் மயக்கி அமைதிப்படுத்துவது. அதன் விலை சிறியதல்ல. நோய் ஆதரவு சிகிச்சையில் இருந்த 247 டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் ஏகர் குழுவினர் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அதில் அமைதிப்படுத்தக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகளான ரிஸ்பெரிடோனோ ஹாலோபெரிடாலோ பெற்றவர்களின் துன்பக் குறிகள், வெற்று மருந்து பெற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தன.

தளர்ந்த சிறுநீரகத்தில் மார்ஃபினின் வளர்சிதைப் பொருள்கள் தேங்கி மயக்கத்தையும் தசைத் துடிப்பையும் குழப்பத்தையும் தரும் என்ற அச்சமும் உண்மையானதே. அதனால்தான் மிகச் சிறிய அளவு, நீண்ட இடைவெளி, முதல் நாளிலிருந்தே மலமிளக்கி என்று தொடங்குகிறோம். அந்தத் தசைத் துடிப்பை முதலில் காணப்போகிறவரும் செவிலியரே. மருந்தளவைக் குறைக்கவோ நிறுத்தவோ அவருக்கு வழியில்லாவிட்டால், அச்சம் அப்படியே நடந்தேறும்.

இத்தகைய பொறுப்பைச் செவிலியரிடம் விடலாமா என்பதே கடினமான கேள்வி. நோய் ஆதரவு சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைக்க உகாண்டா 2004இல் சட்டப்படி இடம் தந்தது. மருத்துவர்கள் அரிதான நாட்டில் வேறு வழியில் வலி தணியாது என்ற தெளிவு அதில் இருந்தது. இந்தியாவில் அந்த அதிகாரம் செவிலியருக்கு இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தம் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கவே வந்தது. நள்ளிரவில் ஒரு வீட்டில் அதை யார் தொடங்குவது என்பதை அது தொடவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் தமிழ்நாட்டில் செவிலியர்கள் வீடுகளுக்கே செல்கிறார்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்விலும் அசைவிலும் எடுத்த மதிப்பெண்ணை ஒவ்வொரு வருகையிலும் பதியலாம். எந்த மதிப்பெண்ணில் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம், எந்தக் குறி தெரிந்தால் நிறுத்தி அழைக்க வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடலாம். வேலைச் சுமை ஏறும் என்பார்கள். பெய்னாட் மதிப்பீட்டுக்கு ஐந்து நிமிடக் கவனிப்புப் போதும். புண்ணுக்குக் கட்டுப் போடும் நேரத்திலேயே அது முடிந்துவிடும்.