ஓய்வு பெற்ற ஆசிரியரும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

காந்திஜி தம் அரசியல் குருவாகப் போற்றிய கோபால கிருஷ்ண கோகலேயை நாம் பெரிய தேசபக்தராகவே அறிவோம். அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

1885இல் புனா நியூ இங்கிலீஷ் ஸ்கூலில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், பின்னர் பெர்குசன் கல்லூரியில் பேராசிரியரானார். கணிதம் கற்பித்தார், பள்ளி மாணவர்களுக்காக ஒரு கணிதப் பாடநூலும் எழுதினார். 1902இல், தமது 36ஆவது வயதில், மாதம் 30 ரூபாய் பென்ஷனுடன் ஓய்வு பெற்றார். அதன் பிறகுதான் அவருடைய பொதுவாழ்வின் முக்கியமான பகுதி தொடங்கியது. புனா நகராட்சியின் தலைவராக இருந்து, குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம் போன்ற அன்றாட விஷயங்களையும் கவனித்தார். கல்வி பற்றி அவர் பின்னால் கொண்டு வந்த திட்டத்தில் இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்திருந்தன.

1910இல் அவர் சட்டசபையில் எடுத்துக்காட்டிய கணக்கு இது: நம் நாட்டு மக்கள் தொகையில் ஆரம்பப் பள்ளியில் படிப்போர் 1.9 சதவீதம். பள்ளி வயதுக் குழந்தைகள் மக்கள் தொகையில் 15 சதவீதம் என்று அரசாங்கமே அந்நாளில் கணக்கிட்டு வந்தது. அப்படியானால் எட்டுக் குழந்தைகளில் ஒன்றுதான் பள்ளிக்குப் போயிற்று.

1911 மார்ச்சில் அவர் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டு வந்தார். நாடு முழுவதும் ஒரே நாளில் கட்டாயக் கல்வி என்று அதில் அவர் கேட்கவில்லை. எந்த ஊரில் ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட விகிதம் குழந்தைகள் படிக்கிறார்களோ, அந்த ஊர் நகராட்சியோ ஜில்லா போர்டோ அரசின் அனுமதி பெற்று, 6 முதல் 10 வயது வரையுள்ள பையன்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். பெண் குழந்தைகளுக்குப் பின்னர் விரிவுபடுத்தலாம். மாதம் பத்து ரூபாய்க்குக் குறைவான வருமானமுள்ள பெற்றோரிடம் சம்பளம் வாங்கக் கூடாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

இங்கிலாந்தின் 1870, 1876ஆம் ஆண்டுச் சட்டங்களையும் அயர்லாந்தின் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தையும் படித்து இதை அவர் அமைத்தார். இங்கிலாந்தில் 1870 சட்டம்தான் ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்களைத் தோற்றுவித்தது. கோகலேயின் மசோதாவிலும் ஊருக்கு ஊர் வருகைக் குழுக்கள் உண்டு. பள்ளிக்கு வராத பிள்ளையின் பெற்றோரைப் பார்த்து எடுத்துச் சொல்லுவது அவற்றின் வேலை.

அதிகாரிகளும் எதிர்த்தார்கள், நம்மவர்களில் சிலரும் எதிர்த்தார்கள். 1912 மார்ச் 19 அன்று மசோதா 13க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. 1915 பிப்ரவரியில் கோகலே காலமானார், வயது 48. அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, அந்தப் பதவியை விட்டு வந்தவர்தான்.

மசோதா தோற்றாலும் கருத்து வென்றது. 1918இல் விட்டல்பாய் படேல் முயற்சியால் பம்பாய் மாகாணத்தில் சட்டம் வந்தது. 1920க்குள் சென்னை உட்படப் பல மாகாணங்களும் பின்பற்றின. அதே 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவளிக்கத் தீர்மானித்தது. ஓர் ஊராட்சி அமைப்பு மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. 1929இல் ஹார்டாக் குழு கண்ட கணக்கு வேதனையானது. 1922-23இல் முதல் வகுப்பில் சேர்ந்த 100 பையன்களில் 1925-26இல் நான்காம் வகுப்பை எட்டியவர்கள் ஏறத்தாழ 18 பேர். உள்ளூர் அமைப்புகளின் நிர்வாகத்தையும் அக்குழு குறை கூறியது. அதிகாரம் ஊருக்கு வந்தது. அதைச் செலுத்தத் தகுந்தவர்கள் போதிய அளவில் முன்வரவில்லை.

அரசுப் பணியில் நெடுங்காலம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், ஊரில் அதைக் கையில் எடுக்க ஆள் இல்லையென்றால் அது காகிதமாகவே இருக்கும்.

கோகலே கேட்டது சட்டமாக நாடு முழுவதற்கும் வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மீதி இடங்களில் உள்ளூர்க் கல்வியாளர்களுக்கும் மத்திய அரசின் விதிகள் இடம் தருகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் சற்று மாறும்.

அந்தப் பெற்றோர்களில் பலர் தினக்கூலிக்குப் போகிறவர்கள். மானியக் கணக்கைப் பார்க்கவும், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதவும், இடையில் நின்ற குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பேசவும் அவர்களுக்கு ஒரு துணை வேண்டும். நம் அங்கத்தினர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஆசிரியைகளும் ஏராளம். நம் பேரக் குழந்தைகள் அந்தப் பள்ளிகளில் படிக்காமல் இருக்கலாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் குழந்தை அங்கேதான் படிக்கிறது.

டெல்லியோ, மும்பையோ, நாக்பூரோ, தாங்கள் இருக்கும் ஊரில் பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரை ஒரு முறை சென்று பாருங்கள். அழைப்பு வந்தால் குழுவில் அமருங்கள். இடம் இல்லையென்றால் வெளியில் இருந்து உதவுங்கள்.