மஅபரில் மடிந்த குதிரைகள்

அரபியர் ‘மஅபர்’ என்றழைத்த பாண்டிய நாட்டின் காயல் துறைக்கு வந்திறங்கிய குதிரைகளைப் பற்றி நம்மவர் பெருமையுடன் எழுதுவதுண்டு. கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 செம்பொன் தீனார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஆண்டுதோறும் அவை ஏன் தேவைப்பட்டன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

வந்தவை விரைவில் மடிந்தன. வறுத்த பார்லியும், வெண்ணெயில் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினர் என்கிறார் வஸ்ஸாஃப். சோறும் இறைச்சியும் என்கிறார் மார்கோ போலோ. குதிரையின் இரைப்பை ஓயாது அமிலம் சுரப்பது. புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அதைத் தணிக்கும். புல் குறைந்து தானியம் மிகுந்தால் இரைப்பை புண்ணாகும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் கண்டது. இன்று அதற்கு ஒமிப்ரசோல் உண்டு, விலைதான் அதிகம். அன்று மடிந்தவை இந்நோயால்தான் மடிந்தன என்று துணிய இயலாது. தீனி ஒவ்வாதது என்பது மட்டும் தெளிவு.

அறியாமையை மன்னிக்கலாம். போலோ கூறும் மற்றொரு செய்திதான் உறுத்துகிறது: குதிரை வைத்தியர் எவரையும் வணிகர்கள் இங்கு வரவிடவில்லையாம், குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம்! ‘பைத்தரா’ எனும் கால்நடை மருத்துவம் பற்றி இப்னு அகீ ஹிஸாம் அரபியில் நூல் எழுதி அப்போது ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 220 தீனார் கொடுத்தவருக்கு ஒரு வைத்தியரின் கூலி பாரமாக இருந்திராது.

போலோ அயலார், மிகைப்படுத்தியிருப்பார் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் பராமரிப்புக் கேட்டால் குதிரைகள் வலுவிழப்பதும், அதனாலேயே முஸ்லிம் வணிகர்கள் ஆண்டுதோறும் புதியவற்றைக் கொண்டுவருவதும் வஸ்ஸாஃபின் ஏட்டிலும் உள்ளன.