கையும் தோளும் கம்பியும்

பிரெஞ்சுக்காரர்கள் 1739-ஆம் ஆண்டில் காரைக்காலுக்கு வந்தார்கள். நடுவில் ஆங்கிலேயரிடம் சில தடவை ஊரைப் பறிகொடுத்து, மறுபடியும் பெற்று, கடைசியில் 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சட்டப்படியான கணக்கு 1962-ல் தீர்ந்தது. அவர்கள் விட்டுப் போனவை என்ன என்று கேட்டால், ஊர்க்காரர்கள் சில தெருப் பெயர்களைச் சொல்வார்கள். போலீஸ்காரர் தலையிலுள்ள சிவப்புக் கெப்பியைக் காட்டுவார்கள். பாரிஸில் இருக்கும் உறவினரைப் பற்றிப் பெருமையோடு சொல்பவர்களும் உண்டு.

அந்த ஜாபிதாவில் நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அது காரைக்காலுக்கு மட்டும் உரியதல்ல; உலகத்துக்கே பொது. எந்த மோட்டார் காரின் மூடியையும் தூக்கிப் பாருங்கள். அநேகமாக ஒரு மூலையில், கனத்த பெட்டி ஒன்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதுதான் பாட்டரி. அதன் மூதாதையைச் செய்தவர் காஸ்டன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. ஆண்டு 1859. இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பாய் மாதிரி சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அவர் அமிழ்த்தி வைத்தார். அது மின்சாரத்தை வாங்கிக் கொண்டது; கேட்டபோது திருப்பிக் கொடுத்தது; தீர்ந்ததும் மறுபடியும் வாங்கிக் கொண்டது. 1881-ல் காமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் ஈயக் கூழைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இருப்பது இந்த வம்சத்துப் பெட்டிதான்.

உயிரோடு இருக்கிற வரையில் அதை யாரும் நினைப்பதில்லை. அது படுத்துவிட்டால்தான், வண்டி என்பது தானாகக் கிளம்பும் பொருள் அல்ல என்ற பழைய உண்மை நமக்கு ஞாபகம் வருகிறது.

இந்த உண்மை தஞ்சைச் சீமைக்காரர்களுக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருவாரூரில் ஆழித்தேர் ஓடுகிறது. ஓடுகிற தேரை இழுப்பது பெரிய காரியமில்லை. நிற்கிற தேரை அசைப்பதுதான் பெரிய காரியம். முன்னால் ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், பின்னால் நெம்பு கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது நகராது. பல வருஷங்கள் ஓடாமல் நின்றிருந்த அந்தத் தேர் 1970-ல் மீண்டும் ஓடியது. இந்தக் காலத்தில் அதன் பின்னாலிருந்து உந்துவதற்கு புல்டோசர்கள் வருகின்றன. தேவர்களின் வாகனத்துக்கே முதல் அசைவுக்கு இன்னொருவர் தயவு வேண்டும் என்றால், மனிதர்களின் வாகனத்தைப் பற்றிச் சொல்வானேன்?

பெட்ரோல் எஞ்சினும் அப்படித்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் தன் பாட்டைத் தானே பார்த்துக் கொள்ளும். ஆனால் முதல் மூச்சை அதனால் தானாக இழுக்க முடியாது. யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். அப்போதுதான் அது காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அமுக்கி, பற்ற வைக்கும். 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மாள், கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டாள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். அந்த வண்டியின் பின்புறத்திலிருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். மேடு வந்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மோட்டாரின் முதல் நெடுந்தூரப் பிரயாணத்திலேயே கையும் தோளும் சேர்ந்துவிட்டன, பாருங்கள்!

பிறகு வண்டியின் முகத்தில் ஹாண்டில் வந்தது. இரும்புக் கம்பியை எஞ்சினில் மாட்டி, பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். எஞ்சின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக் கொள்ள வேண்டும், கீழே அமுக்காமல் மேலே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் டிரைவர்களுக்குப் பாலபாடம்.

மின்சாரக் கார்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாந்தேயின் பாட்டரி வம்சமே அவற்றை ஓட்டியது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன் முதலில் தாண்டிய கார்கூட மின்சாரக் கார்தான். 1899-ல் பாரிஸுக்கு அருகில் பெல்ஜியத்துக்காரரான ஜெனாட்ஸி அதை ஓட்டினார். அப்படியிருக்க, பெட்ரோல் வண்டி எப்படி ஜெயித்தது? அங்கேதான் வேடிக்கை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர், கடைகளில் பணம் வாங்கிப் போடும் காஷ் ரிஜிஸ்டர் யந்திரத்துக்குச் சின்ன மின்சார மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். சில விநாடிகள் மட்டும் மூச்சைப் பிடித்து உழைக்க வேண்டியது சிறிதாக இருந்தால் போதும். இந்தச் சூட்சுமத்தை அவர் காருக்குக் கொண்டு போனார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார் பொத்தானை அமுக்கினால் கிளம்பியது. போட்டியில் நின்ற பாட்டரி, எதிராளியின் வீட்டில் வேலைக்காரனாகச் சேர்ந்து, எதிராளியையே ஜெயிக்க வைத்துவிட்டது!

இதனால் மணிக்கட்டுகள் பிழைத்தன. உடல் வலு இல்லாதவர்களும் பிறர் உதவியின்றி டிரைவர் ஆசனத்தில் உட்கார முடிந்தது. இது சின்ன விஷயமல்ல.

ஆனாலும் கைக்கும் தோளுக்கும் உடனே ஓய்வு கிடைத்துவிடவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, நம் பக்கத்து பஸ்களின் முதுகில் கரியடுப்பு ஏறியது. கிளீனர் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைத்த பிறகுதான் பஸ் அசையும். யுத்தம் முடிந்த பிறகு வந்த அம்பாஸடர் காரும் தோள்களை நன்றாக அறிந்திருந்தது. பாட்டரி படுத்துவிட்டால் டிரைவர் இரண்டாவது கியரைப் போட்டு, கிளச்சை மிதித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் தள்ளுவார்கள். வேகம் வந்ததும் கிளச்சை விடுவார். சக்கரம் கியரைச் சுற்ற, கியர் எஞ்சினைச் சுற்ற, எஞ்சின் இருமிக் கொண்டு எழுந்திருக்கும். தள்ளியவர்கள் கையைத் தட்டிக் கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். அவர்களில் காரே இல்லாதவர்கள்தான் அதிகம். செருப்பே இல்லாதவர்களும் உண்டு.

இந்த உதவிக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஆட்டோமாட்டிக் கார். 1939-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முழு ஆட்டோமாட்டிக் கியர் விற்பனைக்கு வந்தது. இந்த வகையில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதுபோல எண்ணெயின் வழியாகத்தான் விசை போகிறது. கியர்களைப் பிடித்து நிறுத்துவதும் எண்ணெயின் அழுத்தமே. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்பைச் சுற்றுவதோ எஞ்சின். எஞ்சின் தூங்கினால் பம்பு தூங்கும். பம்பு தூங்கினால் கியர் பிடிக்காது. ஆரம்ப காலத்து வண்டிகள் பலவற்றில், சக்கரத்தால் சுழலும் இரண்டாவது பம்பு ஒன்று இருந்தது. அவற்றைத் தள்ளிக் கிளப்பலாம். 1960-களில் செலவு மிச்சம் என்று அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2014-ல் செலேரியோ காரோடு பரவத் தொடங்கிய மலிவு ஆட்டோமாட்டிக் வேறு ஜாதி. அதில் கிளச்சை மிதிப்பதே மின்சாரம்தான். பாட்டரி படுத்தால் மிதிக்க ஆளில்லை.

சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இந்தச் சரித்திரம் முழுவதையும் திருநள்ளாற்றில் ஒரே இடத்தில் பார்த்தேன். காரைக்காலிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊருக்குச் சனிக்கிழமை என்றால் எங்கிருந்தெல்லாமோ வண்டிகள் வருகின்றன. நளதீர்த்தத்தில் முழுகி, சனீசுவரனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தின் கார் கிளம்பவில்லை. நடக்க முடியாத பாட்டியை வண்டிக்குள்ளேயே உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றும் பாட்டும் மட்டும் வரும்படி விட்டுப் போயிருக்கிறார்கள். தரிசனத்துக்கு மூன்று மணி நேரமாகிவிட்டது. பாட்டி சௌக்கியமாக இருந்தாள், பாட்டரி போய்விட்டது.

பூக்காரர், டீக்கடைக்காரர், நாலைந்து வாலிபர்கள் என்று ஒரு கூட்டம் தள்ள வந்துவிட்டது. கியர்த் தடியோ 'பார்க்கிங்' நிலையில் பூட்டிக் கொண்டு நகரவில்லை. பக்கத்திலிருந்த சிறு மூடியைப் பெயர்த்து, உள்ளே அமுக்கி, ஒருவர் அதை விடுவித்தார். இருபது கஜ தூரம் தள்ளினார்கள். சக்கரம் உருண்டதே தவிர எஞ்சினிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இது தள்ளினா எழுந்திருக்கிற வண்டி இல்லே. கன்னியாகுமரி வரைக்கும் தள்ளினாலும் சக்கரந்தான் சுத்தும்."

"அப்போ என்னங்க ஐயா பண்றது?"

"இன்னொரு வண்டி வந்து பக்கத்துலே நிக்கணும்."

வரிசையில் நின்ற வண்டிகளில் ஒன்றில் கம்பி இருந்தது. அதன் சொந்தக்காரர் தயங்கினார். "என் வண்டியிலே பூராவும் கம்ப்யூட்டருங்க. ஏதாவது ஆயிட்டா?"

அவருடைய பயம் ஆதாரமற்றதல்ல. முனைகள் மாறிவிட்டால் ப்யூஸ்கள் போகலாம், கம்ப்யூட்டர்களும் போகலாம். பெரியவர் கோபித்துக் கொள்ளாமல், ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லியே செய்தார். இரண்டும் 12 வோல்ட் வண்டிதானா என்று பார்த்தார். 24 வோல்ட் லாரியோடு சேர்க்கக் கூடாது. வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல், எஞ்சின்கள் நின்ற நிலையில், கியர்கள் பார்க்கிங்கில். சிவப்புக் கம்பியின் ஒரு முனை செத்த பாட்டரியின் கூட்டல் குறிக்கு. மறு முனை நல்ல பாட்டரியின் கூட்டல் குறிக்கு. கறுப்புக் கம்பி நல்ல பாட்டரியின் கழித்தல் குறிக்கு. அதன் மறு முனை செத்த பாட்டரிக்கு அல்ல. அந்த வண்டியின் எஞ்சினில், பாட்டரிக்குத் தள்ளி, பெயிண்ட் இல்லாத இரும்புக்கு. "கடைசி முனை வைக்கறப்போ பொறி பறக்கும். பாட்டரியிலேருந்து எரியற வாயு வரும். ரெண்டும் சேரக் கூடாது" என்றார். அந்த வாயு ஹைட்ரஜன். அவர் அதன் பெயரைச் சொல்லவில்லை; குணத்தைச் சொன்னார்.

நல்ல வண்டியின் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டார்கள். பிறகு செத்த வண்டியின் பொத்தானை அமுக்கியதும் அது எழுந்தது. கம்பிகளை மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றினார்கள். "அரை மணியாவது ஓட்டுங்க, நடுவிலே அணைச்சுடாதீங்க. பாட்டரியையும் ஒரு கடையிலே காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். கம்பிக்குச் சொந்தக்காரரோ, தானே உயிர் கொடுத்தவர் போல் ஒரு பெருமிதத்தோடு அதைச் சுருட்டிக் கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தள்ள வந்த அத்தனை தோள்களும் அன்று பயனற்றுப் போயின. எஞ்சினை எழுப்பும் உதவி முன்பு தெருவில் யாரும் செய்யக் கூடியதாக இருந்தது. இன்று அதை இன்னொரு கார்க்காரர்தான் செய்ய முடியும். ஹாண்டில் காலம் திரும்ப வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். அது முறித்த கைகள் கொஞ்சமல்ல. ஆனால், காரில்லாதவன் கார்க்காரனுக்குக் கை கொடுத்து, ஒரு நிமிஷமாவது அவனுக்குச் சமமாக நின்ற அந்த சந்தர்ப்பம் போய்விட்டது. 'தானாக இயங்கும்' வண்டி தன்னைத் தவிர வேறு யாரை விடுதலை செய்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது காரும் வேண்டாம் என்கிறார்கள். ஒரு புத்தகம் அளவுள்ள லித்தியம் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. கம்பிகளை மாட்டினால் அதுவே வண்டியைக் கிளப்பிவிடும். நல்ல சௌகரியந்தான், நடு ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பெட்டிக்கும் அவ்வப்போது மின்சாரம் ஏற்றி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் அதுவும் படுத்துவிடும். அப்போது அக்கம் பக்கத்தில் யாரிடம் கம்பி இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதற்கு, அக்கம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.